பக்ருதீன் பாய் சொல்ல ரமாபாய் எழுதியது

ரமாபாயைப் பற்றி நான் எழுதுவது முறைதானா என்று தெரியவில்லை. அவரை வேலையைவிட்டு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். ஆனால் நடந்ததை முழுக்கப் பார்த்தவன் நான் மட்டும்தான். மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பார்த்தார்கள், தங்களுக்கு வேண்டிய அளவுக்கு.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதன் கீழ்த்தளத்தில் நாலு டயாலிசிஸ் மெஷின்கள். தண்டபாணி என்கிற நான் அங்கே டெக்னீஷியன். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டைக் கவனிப்பது, மெஷினைக் கழுவுவது, ரத்தம் போய்வரும் குழாய்களைப் பொருத்துவது என் வேலை. ஊசி குத்துவது, பிரஷர் பார்ப்பது, நாலு மணி நேரமும் நோயாளியின் பக்கத்திலேயே இருப்பது ரமாபாய் சிஸ்டரின் வேலை.

அவருக்குச் சொந்த ஊர் புளியந்தோப்பு. அப்பா பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் கலாசியாக இருந்தவர். பௌத்தக் குடும்பம். கணவர் அன்புமணி ஆட்டோ ஓட்டினார். ரமாபாய்க்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். குரல் மட்டும் பெரிசு. ஆஸ்பத்திரிக்காக அவர் பேச்சை மாற்றிக்கொண்டதில்லை. 'இன்னா தாத்தா, ரெண்டு கிலோ ஏத்திகினு வந்துகீற? தண்ணி குடிச்சியா, தண்ணித் தொட்டியவே குடிச்சியா?' என்று எடை மெஷின் பக்கத்தில் நின்று கேட்பார். திட்டு வாங்கிய கிழவர் சிரித்துக்கொண்டே போய்ப் படுப்பார். எங்கள் பிரிவு டாக்டர் ராமதாஸ் அதே விஷயத்தை நல்ல தமிழில் சொன்னால் அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

2002இல் சொக்கம்மாள் என்று ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தார். காலடிப்பேட்டைக்காரர். காசிமேட்டில் மீன் வாங்கித் திருவொற்றியூரில் தெருத் தெருவாக விற்றவர். ஒருநாள் ஊசி குத்தும்போது, 'நான் பொழைச்சுப்பேனா சிஸ்டர்?' என்று கேட்டார். ரமாபாய் எல்லா நர்ஸும் சொல்வதைச் சொன்னார்: 'எல்லாம் நல்லாயிடும்மா.' நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதில் தப்பாக எதுவும் எனக்குப் படவில்லை.

சொக்கம்மாள் அதை நம்பினார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தது. 'சிஸ்டரே சொல்லிடுச்சு, ஒடம்பு தேறினப்புறம் நானே நின்னு நடத்துறேன்' என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். ஐந்தாவது மாதம் இறந்தார். காரியம் முடிந்து அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சண்டை போடவில்லை. ரமாபாய் முன்னால் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: 'உங்களுக்குத் தெரியுமில்ல சிஸ்டர்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கம்மா கண்ணு முன்னாலயே தாலி கட்டிகினு இருப்பேனே.'

அன்றைக்கு ரமாபாய் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவேயில்லை. பிளான்ட் ரூமில் வந்து உட்கார்ந்தார். 'அவங்க கேட்டது பொழைப்பேனான்னு இல்லண்ணா. இன்னும் எவ்ளோ நாள் கீதுன்னு கேட்டாங்க. எனக்குத்தான் காது கேக்கல' என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேச ஆரம்பித்தார். எல்லோரிடமும் அல்ல, எடுத்த எடுப்பிலும் அல்ல. முதல் இரண்டு மணி நேரம் பிரஷர் ஏறும், இறங்கும், கால் இழுக்கும். மூன்றாவது மணியில்தான் உடம்பு கொஞ்சம் அடங்கும். அப்போது ஒரு ஸ்டூலைப் போட்டு, படுத்திருப்பவரின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வருகிற மாதிரி உட்காருவார். சாவு என்ற சொல்லை அவர் முதலில் எடுப்பதில்லை. 'இந்த ஒடம்பு இன்னா ஆவும்னு நீ இன்னா நெனைக்கிற?' என்பார். 'எத்த நெனைச்சா பயமா கீது?' என்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அதுதான் கஷ்டம். நான் எத்தனையோ முறை அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் மெஷினில் எதையாவது தட்டி அலாரம் வரவழைத்திருக்கிறேன்.

சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதோடு விட்டுவிடுவார். சிலர் அழுவார்கள். சிலர் மளமளவென்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள், யாராவது கேட்கமாட்டார்களா என்று வருஷக்கணக்கில் காத்திருந்த மாதிரி. ஒருவருக்குத் தம்பியோடு பேச வேண்டியிருந்தது. ஒருவர் கண்ணைத் தானம் செய்ய விரும்பினார். இதெல்லாம் டாக்டர் ராமதாஸுக்குத் தெரியும். 'நமக்கு எதுக்கும்மா வம்பு?' என்பார். ஆனால் தடுக்கவும் இல்லை. அழ வேண்டியவர்கள் ரமாபாயிடம் அழுது முடித்துவிடுவதால் அவருடைய ரவுண்டு சீக்கிரம் முடிந்தது.

பக்ருதீன் பாய் 2004இல் எங்களிடம் வந்தார். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்து மூடியவர். அறுபது வயது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், மனைவி காத்தூன் பீவியோடு வருவார். மகன் முபாஷிர் ஷார்ஜாவில் வேலை. அவன் அனுப்புவதில்தான் வீடு நடந்தது.

பாய்க்கு நாக்கு நீளம். எங்கள் ஆஸ்பத்திரிப் போர்வையின் நூலைத் தடவிப் பார்த்து, 'இத்த வாங்கினவன் எவன்? அவன எங்கிட்ட அனுப்பு, மிச்சம் கீற சரக்க அவன் தலையில கட்டிடறேன்' என்பார். ரமாபாய்க்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒருநாள் மூன்றாவது மணியில் ஸ்டூலைப் போட்டார்.

'பாய், ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்கக் கூடாது.'

'கேளும்மா. கோச்சுகினு எங்க எழுந்து போவப் போறேன்? ரெண்டு ஊசியில கட்டிப் போட்டு வெச்சுகீற.'

'இந்த ஒடம்பு இன்னா ஆவும்னு நெனைக்கிறீங்க?'

பாய் வெகுநேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். 'எனக்குத் தெரியும்னு உனக்கே தெரியும். அப்புறம் இன்னாத்துக்குக் கேக்குற?'

'தெரிஞ்சத வாய் தொறந்து சொன்னா கொஞ்சம் லேசா இருக்கும்னுதான்.'

அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் அடுத்த செவ்வாய், 'இன்னா சிஸ்டர், ஸ்டூல காணோம்?' என்று அவரே கேட்டார்.

2006 ஜனவரியில் அவருடைய கை அடைத்துக்கொண்டது. டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்த கை. கையை வைத்துப் பார்த்தால் உள்ளே பூனை உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு இருக்கும். அது நின்றுவிட்டது. மறுகையிலும் தைத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் சீழ் பிடித்து, குளிர் காய்ச்சலில் உடம்பு கட்டிலோடு தூக்கிப் போட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார். அப்போது காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. புத்தி தெளிவாக இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை.

'போதும்மா' என்றார். 'இதுக்கு மேல குத்திக்க எடம் இல்ல. வூட்டுக்குப் போறேன்.'

'மெஷின நிறுத்தினா இன்னா ஆவும்னு தெரியுமா பாய்?'

'ஒரு வாரமா?'

'ஒரு வாரம். பத்து நாளும் ஆவலாம். மூச்சு வாங்கும். அப்புறம் தூக்கமா வரும்.'

காத்தூன் பீவி புர்கா முனையை வாயில் அடைத்துக்கொண்டார். பாய் அவரைப் பார்க்காமல் ரமாபாயைப் பார்த்தே பேசினார். 'எங்க மச்சான் மேல ஐசியூலதான் மவுத்தானாரு. வாயில குழா. கலிமா சொல்ல முடியல. கண்ணாலயாச்சும் சொன்னாரான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். எனக்கு அந்தக் குழா வேணாம். சாவுறப்ப என் வாய் என்னுதா இருக்கணும். எழுதிக்கோ.'

ரமாபாய் கோடு போட்ட தாளில் எழுதினார். பாய் சொல்லச் சொல்ல, அவருடைய வார்த்தையிலேயே. ஐசியூ வேண்டாம். வாயில் குழாய் வேண்டாம். வீட்டில் கிடக்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்: 'ஒரு சொம்பு தண்ணி. அளவு பாக்காம. ரெண்டு வருசமா அரை டம்ளர் அரை டம்ளரா நக்கிகினு கீறேன். வயிறு நெறைய ஒரு சொம்பு.' அதையும் எழுதினார். படித்துக் காட்டினார். பாய் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் முழுக்கக் கேட்டேன், முழுக்கப் படித்தேன், கீழே தண்டபாணி என்று எழுதினேன்.

'மவன்கிட்ட சொல்ட்டீங்களா பாய்?' என்று ரமாபாய் கேட்டார். அதை அவர் மூன்று தடவை கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

'சொல்றேம்மா. போன்ல சொன்னா அழுவான். சொல்றேன்.'

சொல்லவில்லை.

டாக்டர் ராமதாஸ் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'சரி, போகட்டும். பாவம், நியாயம்தான்' என்றார். பிறகு, 'டாக்டர் சொல்லை மீறிப் போகிறார்னு கேஸ் ஷீட்ல ஒரு வரி போட்டுடு' என்றார். ரமாபாய் அவரைப் பார்த்தார். 'நீங்கதான சார் சரின்னீங்க?' என்றார். 'அதுக்கில்லம்மா, ஒரு பாதுகாப்புக்கு' என்றார் டாக்டர். அந்த வரியை அவரே எழுதினார். எங்கள் தாளும் கேஸ் ஷீட்டிலேயே இருந்தது. அந்த நாளில் அப்படி ஒரு தாளுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பாய் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனார். ரமாபாய் தினமும் டியூட்டி முடிந்து, புளியந்தோப்புக்குப் போகிற வழியில் இறங்கி அவரைப் பார்த்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காத்தூன் பீவி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். ரமாபாய் அப்போது அங்கே இருந்தார். பாய் எழுந்து உட்கார்ந்து, தாடியிலும் மார்பிலும் வழிய வழியக் குடித்து முடித்து, சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாராம். 'இப்ப வரட்டும் அந்த மலக்கு' என்று, உயிரை எடுக்க வரும் வானவரைச் சொல்லிச் சிரித்தாராம். மறுநாள் ரமாபாய் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை முபாஷிர் வந்து இறங்கினான். வீட்டில் யாரோ போன் செய்து 'அத்தா சரியில்ல' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து வருகிற பிள்ளை. உள்ளே நுழைந்தால் அப்பா உதடு நீலம் பாரித்து, மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறார். அவன் வேறு என்ன செய்வான்? ஆம்புலன்ஸ் வந்தது. ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் நின்று நின்று எங்கள் வாசலுக்கு வந்தது.

'எங்க அத்தாவ வூட்டுல போட்டு சாவடிக்கச் சொன்னது யாரு?' என்று கத்திக்கொண்டுதான் அவன் உள்ளே வந்தான்.

ரமாபாய் கேஸ் ஷீட்டைக் கொண்டு வந்து காட்டினார். 'தம்பி, இது உங்க அத்தா சொன்னது. அவரு வார்த்த. கொஞ்சம் படிப்பா.'

அவன் படித்தான். தண்ணீர் என்ற இடத்தில் அவன் விரல் நின்றது. 'தண்ணி குடுத்தீங்களா? நுரையீரல்ல தண்ணி கோத்துகினு கீதுன்றாங்க, நீங்க சொம்புல தண்ணி குடுத்தீங்களா?'

காத்தூன் பீவி சுவரோரமாக நின்றார். மகன் அவர் பக்கம் திரும்பவேயில்லை. டாக்டர் ராமதாஸ் படியிறங்கி வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படியாக, 'இதையெல்லாம் யாரைக் கேட்டு எழுதினே நீ?' என்றார். பிறகு முபாஷிரிடம், 'இப்பவும் லேட் இல்ல, ஐசியூல முயற்சி பண்ணலாம்' என்றார்.

வாயில் குழாய் போட்டார்கள். தொடையில் ஒரு குழாய் போட்டார்கள். டயாலிசிஸ் மெஷினை மேலே தள்ளிக்கொண்டு போய்ப் பொருத்தியவன் நான். மூன்றாம் நாள் நினைவு திரும்பியது. அதுதான் கொடுமை. குழாயைப் பிடுங்கப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டையும் காஸ் துணியால் கட்டில் கம்பியில் கட்டினார்கள். ரமாபாய்க்கு ஐசியூவில் வேலையில்லை. இருந்தும் மத்தியான இடைவேளையில் போனார். நானும் மெஷினைப் பார்க்க அங்கே நின்றேன்.

பாய் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். கட்டிய வலது கையில் சுட்டுவிரல் மட்டும் நிமிர்ந்தது. தொழுகையில் அல்லாஹ் ஒருவனே என்று சாட்சி சொல்லும்போது உயர்த்துகிற விரல். நிமிர்ந்தது, விழுந்தது, மறுபடி நிமிர்ந்தது. ரமாபாய் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, குழாயைச் சுற்றி அவருடைய உதட்டைத் துடைத்தார். 'சொல்லுங்க பாய். மனசுல சொல்லுங்க. எனக்குக் கேக்குது' என்றார். ஐசியூ நர்ஸ் ஃப்ளோரன்ஸ் ஓடிவந்து, 'சிஸ்டர், உங்களுக்கு இங்க என்ன வேலை? என்னையும் மாட்டிவிடாதீங்க' என்று அவரை வெளியே அனுப்பினார்.

ஒன்பது நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் காலை, வீட்டார் எல்லோரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருக்கும்போது போனார்.

முபாஷிர் டிரஸ்டுக்குப் புகார் எழுதினான். மயக்கத்தில் கிடந்தவரிடம் நர்ஸ் தானே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டாள் என்று. விசாரணை வைத்தார்கள். டாக்டர் ராமதாஸ், தான் வீட்டுக்குப் போகச் சொல்லவேயில்லை என்று கேஸ் ஷீட்டைத் திறந்து தான் எழுதிய வரியைக் காட்டினார். 'அந்தம்மாவ கேளுங்க சார், அவங்க பக்கத்துலதான் இருந்தாங்க' என்று ரமாபாய் சொன்னார்.

காத்தூன் பீவி ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. கணவன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தார். ஆகவே ஆஸ்பத்திரி சூப்பிரண்டு தேவகிருபை அம்மாளும், வழி காட்டுவதற்கு நானும் வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். அவர் உள் அறையில் திரைக்குப் பின்னால். முபாஷிர் திரைக்கு இந்தப் பக்கம், எங்களோடு.

'உங்க வீட்டுக்காரர் தானா சொல்லித்தான் சிஸ்டர் எழுதினாங்களா?' என்று தேவகிருபை அம்மாள் கேட்டார்.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம்கூட இல்லை, அதையெல்லாம் கழற்றியிருப்பார். 'எனக்கு ஒண்ணியும் தெரியாதும்மா' என்று குரல் வந்தது. முபாஷிர் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். தாளை முன்னால் வைத்தார்கள். 'இது உங்க கையெழுத்தா?'

'ஆமா சார்.'

'அவர் சொன்னதை நீங்க காதால கேட்டீங்களா?'

எதிரே ரமாபாய் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் துளிக் கலக்கமில்லை. நான் என்ன சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. டாக்டர் ராமதாஸ் என்னைப் பார்க்காமல் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். என் வேலை நிரந்தரமாவதற்கு அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. எனக்கு இரண்டு பெண்கள். இவற்றைக் காரணமாகச் சொல்கிறேன் என்பது எனக்கே கேட்கிறது.

'இல்ல சார். நான் மெஷின்ல இருந்தேன். சிஸ்டர் போடச் சொன்னாங்க, போட்டேன்' என்றேன்.

ரமாபாய் ஒருமுறை என்னைப் பார்த்தார். ஊசி எந்த இடத்தில் குத்தலாம் என்று பார்க்கிற மாதிரி, சாதாரணமாக. பிறகு எழுந்து போய்விட்டார். அந்த வாரத்தோடு அவரை நிறுத்தினார்கள். நோயாளிகளிடம் மருந்து, சாப்பாடு தவிர வேறு எதைப் பற்றியும் நர்ஸ்கள் பேசக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போட்டேன். இந்த முறையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான்.

மூன்று வருஷம் கழித்து, 2009இல், மீஞ்சூரில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியான ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ரமாபாய். மீஞ்சூரில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை என்றார். என் பெண்களை விசாரித்தார். எண்ணூர் தாண்டும்வரை வேறு ஏதேதோ பேசினோம்.

'அங்க நோயாளிங்ககிட்ட அந்த மாதிரி பேசறதுண்டா சிஸ்டர்?' என்று கேட்டேன்.

'இல்லண்ணா. ஊசி போடறேன், பிரஷர் பாக்கறேன், வூட்டுக்கு வரேன். யாருனா கேட்டா டாக்டராண்ட கேளுன்றேன்.'

திருவொற்றியூர் வந்தது. நான், 'அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க' என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். 'அந்தம்மா வந்தாங்க தெரியுமா?' என்றார்.

'யாரு?'

'காத்தூன் பீவி. இத்தா முடிஞ்ச மறுநாளே. புளியந்தோப்புல வூட்ட விசாரிச்சுகினு, ரெண்டு பஸ் மாறி, தனியா. மாடிப்படி ஏற முடியாம கீழயே குந்திட்டாங்க. பொய் சொல்ட்டேம்மா, மவன் சோறு துன்னுகினு கீறேன், வேற வழி தெரியலன்னு அழுதாங்க. வயசானவங்க. நான் இன்னா சொல்லட்டும்? டீ வாங்கிக் குடுத்து ஆட்டோல ஏத்தி அனுப்பினேன்.' பிறகு என் பக்கம் திரும்பி, 'நாலு மாசம் பத்து நாள். அதுக்கு முன்னால அவங்களால வர முடியாது. நீங்க தண்டையார்பேட்டையிலதானண்ணா கீறீங்க? மூணு வருசம் ஆச்சு' என்றார்.

குரலை உயர்த்தவில்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். தட்டுவதற்கு எனக்கு அங்கே மெஷின் இல்லை.

பேசின் பிரிட்ஜில் பையை எடுத்துக்கொண்டு, 'வரேண்ணா' என்று இறங்கிக் கூட்டத்தோடு படியேறிப் போனார். வண்டி சென்ட்ரல் பக்கம் நகர்ந்த பிறகுதான் நான் இறங்க வேண்டிய தண்டையார்பேட்டை முன்னாலேயே போய்விட்டது நினைவுக்கு வந்தது.